நைனாவுக்குக் கேட்காத பாட்டு

அத்தியாயம் 14

கிருத்திகையும் அதுவுமாக விடிந்ததிலிருந்தே கோவிந்தம்மாளுக்குக் கைவேலை தப்பிக்கொண்டிருந்தது; குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டாள். விரதம் இருப்பதால்தான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். எத்தனை வருஷத்து விரதம்! இத்தனை நாள் தப்பாத கை இன்றைக்குத்தானா தப்பும்? காரணம் அவளுக்கு நன்றாகத் தெரியும். மகன் சூர்யபிரகாஷ் சென்னையிலிருந்து வருகிறான்.

மகன் வந்தால் பெற்றவளுக்கு வயிறு குளிரத்தானே வேண்டும், இதென்ன கலக்கம் என்று இந்த வாரம் புதிதாகப் படிக்க உட்கார்ந்தவர்கள் கேட்கலாம். அவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் அதற்குள் ஒரு வாய் காபி குடித்துவிட்டு வாருங்கள்.

அவள் புருஷன் கண்ணையனுக்குக் காது கேட்காது. கொஞ்சநஞ்சமல்ல, சுத்தமாகக் கேட்காது. மீசை முளைக்கும் முன்பே விசைத்தறிக் கொட்டகைக்குள் போன மனுஷன். இப்போதும் கே.ஜி.கண்டிகைப் பக்கம் ஒரு கொட்டகையில் மேஸ்திரி. அந்தச் சத்தம் வருஷக்கணக்காக உட்கார்ந்து அவர் காதைத் தின்றுவிட்டது.

ஆனால் இது ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. எப்படித் தெரியும்? தறி ஓடுகிற இடத்தில் காது இருக்கிறவனுக்கும் காது கிடையாது. நூல் அறுந்தது, டீ வந்தது, முதலாளி வருகிறார், எல்லாமே உதட்டசைவிலும் கைஜாடையிலும்தான். அப்படியே பழகிய மனுஷன் வெளியிலும் எதிராளியின் முகத்தைப் பார்த்தே பேசினார். "கண்ணையன் மரியாதை தெரிஞ்ச ஆளுப்பா, மூஞ்சியப் பாத்துப் பேசுவாரு" என்று பேர் வேறு வாங்கிவிட்டார்.

மகனுக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்று கட்டளை.

சில வருஷத்துக்கு முன்னால் சென்னையில் காது டாக்டரிடம் போனபோது, நரம்பு போய்விட்டது, மெஷின் வைத்தாலும் இரைச்சல்தான் கேட்கும் என்றார் அவர். "வேலை செய்யற இடம் தவிர வீட்லயும் சத்தம் உண்டா?" என்று கேட்டார். கோவிந்தம்மாள் வெள்ளந்தியாக, "பையன் டிரம்ஸ் அடிப்பானுங்க, இவரு பக்கத்துலயே உக்காந்துகினு இருப்பாரு" என்று சொல்லித் தொலைத்தாள். "அதுவும் சேர்ந்திருக்கும்" என்றார் டாக்டர். அந்த உதட்டைக் கண்ணையன் படித்துவிட்டார்.

திருத்தணி வந்து இறங்கியதும் அவர் வீட்டுக்குப் போகவில்லை. மலை அடிவாரத்தில் நிறுத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "இது அவனுக்குத் தெரிஞ்சுதுன்னா ஜென்மத்துக்கும் டிரம்ஸ் குச்சியத் தொடமாட்டான். அவன் புழைப்பு கெட்டுப்பூடும். தணிகைமலையான் மேல சத்தியம் பண்ணு, சொல்ல மாட்டேன்னு." அவளும் பண்ணினாள்.

விதியைப் பாருங்கள். அப்பன் எந்தக் குச்சிக்காகக் காது போனதை மறைத்தானோ, அந்தக் குச்சியைப் பிள்ளை தானாகவே கீழே போட்டான். 'எட்டாம் பிளாட்பாரம்' என்று ஒரு ராக் பேண்டு; அதில் பின்னால் உட்கார்ந்து இடி இடித்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் அதிலிருந்து விலகி முன்னால் வந்து மைக்கைப் பிடித்தான். தனியாகப் பாட ஆரம்பித்தான். வளசரவாக்கத்தில் ஒரு அறை எடுத்து, தானே மெட்டுப் போட்டு, தானே பதிவு செய்து வெளியிட்டான். மற்றவர்களுக்கும் பாட்டுத் தயாரித்துக் கொடுத்தான். எல்லாம் மெல்லிசான பாட்டு. டீக்கடை, பஸ், கல்யாண மண்டபம் எங்கே பார்த்தாலும் இப்போது அவன் குரல்தான்.

டிரம்ஸ் அடித்த காலத்தில் கண்ணையன் மேடைக்கு ஓரமாகப் போய் ஸ்பீக்கர் பெட்டியில் உள்ளங்கையை வைத்துக்கொள்வார். அதிர்வு தெரியும். பிள்ளை என்ன அடிக்கிறான் என்று அவருக்குத் தெரியும். பாட்டு அப்படி இல்லை. பிள்ளையின் பாட்டு ஒன்றுகூட அவருக்குள் போனதில்லை.

அப்பனும் பிள்ளையும் ஒருத்தரை ஒருத்தர் 'நைனா' என்றுதான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு பாட்டு வெளிவரும்போதும் அவன் போனில் கேட்பான். "நைனா கேட்டாராம்மா?"

"கேட்டாருடா. கண்ணுல தண்ணி வுட்டுட்டாரு."

"குடேன் அவராண்ட."

"இப்பதான் குளிக்கப் போனாரு." கண்ணையன் அத்தனை தடவை குளித்திருந்தால் தோலே உரிந்திருக்கும்.

போன வாரக் கதையை அவன் போன் பண்ணியதில்தான் விட்டிருந்தோம். "அம்மா, நைனாவுக்குன்னே ஒரு பாட்டு பண்ணிகிறேன். வெளிய வுடறதுக்கு முன்னாடி அவரு கேக்கணும். நேர்ல வரேன்."

சரி, இனி கதைக்கு வருவோம்.

* * *

"ஏன் சும்மா கலங்கிகினு கீற?" என்றார் கண்ணையன். குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கல்யாண மாப்பிள்ளை மாதிரி வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். "அவன் பாடுவான். நான் அவன் வாயப் பாத்துக்கினே தலைய ஆட்டுவேன்."

"பாடமாட்டான், போன்ல போடுவான்" என்று அவள் உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள்.

அவர் யோசித்தார். "அப்ப நீ எதிர்க்க நில்லு. பாட்டு முடிஞ்சதும் காலால தரைய ஒரு தட்டு தட்டு. எனக்குத் தெரிஞ்சுடும்."

அதுவும் அவர்கள் வீட்டு வழக்கம்தான். சமையலறையிலிருந்து சாப்பிடக் கூப்பிட வேண்டுமென்றால் கோவிந்தம்மாள் தரையில் ஓங்கி மிதிப்பாள். முன்னறையில் இருக்கிறவர் எழுந்து வருவார். பக்கத்து வீட்டுக் கௌரியம்மாள்கூட, "இன்னாடி, தெனம் மூணு வேளையும் புருஷங்கிட்ட கோவமா?" என்று கேலி பண்ணுவாள்.

"அவனாண்ட சொல்லிட்டா இன்னாங்க?" என்றாள் கோவிந்தம்மாள். "இப்பத்தான் அவன் டிரம்ஸே அடிக்கறதில்லையே?"

"இப்ப சொன்னா இன்னும் மோசம். இத்தினி பாட்டும் நைனா கேட்டாருன்னு நெனைச்சிகினு கீறான். ஒண்ணு கூட கேக்கலன்னு தெரிஞ்சா தாங்குவானா?" அவர் குரல் வழக்கம்போல் தெரு முழுக்கக் கேட்டது. அவள் உதட்டில் விரலை வைத்தாள்.

* * *

சூர்யபிரகாஷ் வந்தபோது மலைக்குப் போகிற கூட்டத்தில் தெரு அடைத்துக்கொண்டிருந்தது. மொட்டைத் தலையும் சந்தனமுமாய் ஆந்திராக்காரர்கள் காவடியோடு போய்க்கொண்டிருந்தார்கள். அவன் தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு சந்து வழியாகப் புகுந்து வந்தான். இளைத்திருந்தான். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இன்னாடா இது, எலும்புந் தோலுமா? பாட்டு பாடறவனுக்குச் சோறு போட மாட்டாங்களா?"

"அப்புறம் திட்டும்மா. மொதல்ல நைனா கேக்கட்டும்." வந்ததும் வராததுமாய்ப் பையைத் திறந்தான். உள்ளேயிருந்து பெரிதாக, கறுப்பாக ஒரு ஹெட்போனை எடுத்தான்.

கோவிந்தம்மாள் குறுக்கே வந்தாள். "அது எதுக்குடா? சத்தமா போடு, நானும் கேக்கறேன்."

"நீ பொறவு கேளும்மா. இது மொதல்ல அவரு ஒருத்தருக்குத்தான்." அவன் அப்பாவின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தான். "நைனா, இதுல டிரம்ஸே கிடையாது. என் குரலு மட்டும்தான். நீ எனக்குப் பண்ணதெல்லாம் இதுல சொல்லிகிறேன். கண்ண மூடிகினு கேளு."

கண்ணையன் சிரித்துத் தலையாட்டினார். அந்தக் கறுப்பு வஸ்துவைப் பிள்ளை தன் கையாலேயே அவர் காதில் பொருத்தினான். ஊரெல்லாம் கொண்டாடுகிற பையன், அப்பன் முன்னால் பரீட்சை எழுதுகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான்.

அவன் கட்டைவிரல் போனில் அழுந்தியது. கண்ணையன் அதைப் பார்த்தார். கண்ணை மூடினார். மெல்லத் தலையை அசைத்தார். ஒரு கை தொடையில் தாளம் போட்டது. மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. அது நடிப்பில்லை என்று கோவிந்தம்மாளுக்குத் தெரியும். பிள்ளை தனக்காக ஒரு பாட்டுக் கட்டிக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்திருக்கிறானே, அது போதாதா அழுவதற்கு?

ஆனால் சூர்யபிரகாஷ் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "ச்சே, கனெக்ட் ஆவல" என்று முணுமுணுத்தான். மறுபடி எதையோ அழுத்தினான். "ஒரு நிமிஷம் நைனா..." என்று நிமிர்ந்தவன் அப்படியே உறைந்துபோனான்.

அப்பா தலையாட்டிக்கொண்டிருந்தார். தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

கோவிந்தம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கூப்பிட்டால் கேட்காது. ஜாடை காட்டினால் தெரியாது, கண் மூடியிருக்கிறது. எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்ற பதற்றத்தில் அவள் தரையில் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். பாவி, அந்த நேரத்தில் அவளுக்கு அது ஒன்றுதான் தோன்றியது.

கண்ணையன் கண்ணைத் திறந்தார். பாட்டு முடிந்தது என்று நினைத்து ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தார். பிள்ளையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"பிரமாதம் நைனா! மனசையே கலக்கிட்ட. உன் குரலு... உன் குரலு இருக்குதே..."

சூர்யபிரகாஷ் அவர் கையை மெதுவாக விலக்கினான்.

"பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்ல நைனா."

அந்த உதட்டை அவர் படித்தார். முகத்தில் இருந்த வெளிச்சம் பொசுக்கென்று போனது. மனைவியைப் பார்த்தார். அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு நின்றாள்.

இப்போதாவது உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் பிடிவாதக்கார மனுஷன். "அதனால இன்னா? உன் பாட்டு எல்லாமே நல்லாத்தான் இருக்கும். கேட்டுத்தான் தெரியணுமா?" என்றார்.

அதைவிட ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம். அவன் எழுந்தான். ஹெட்போனைப் பையில் திணித்தான். அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டே பேசினான்.

"ஒரு பாட்டாச்சும் கேட்டிருக்கியா? ஒண்ணாச்சும்? இத்தினி நாளும் அம்மாதான் கதை வுட்டுகினு இருந்துச்சா? சும்மா தலைய ஆட்டிட்டா போதும், பையன் போயிடுவான்னு நெனைச்சிட்டியா? நல்லா அழுவற நைனா நீ. நான் நம்பியே பூட்டேன்."

"டேய், சூர்யா, அப்படி இல்லடா..."

"வுடும்மா. இந்தப் பாட்டு வெளிய வராது. அழிச்சிடறேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். அவனுக்காகப் போட்டிருந்த இலை அப்படியே கிடந்தது.

"இன்னா சொல்லிட்டுப் போனான்?" என்று கேட்டார் கண்ணையன். "திரும்பிகினு பேசினான், தெரியல. இன்னாடி சொன்னான்?"

அவள் குனிந்து அந்த இலையை ஓரமாக நகர்த்தினாள்.

"போ, போய் ரெண்டு வாய் சாப்ட வெச்சாவது அனுப்பு. பசியோட போறான்." வாசல்வரை வந்தவர் அவள் தோளைப் பிடித்து நிறுத்தினார். "சத்தியம். மறந்துடாதே."

* * *

தெருமுனையில் குமரேசனின் ஆட்டோ நின்றிருந்தது. "ஸ்டேஷனுக்கு வுடு" என்று ஏறி விழுந்தாள். அவன் ஆட்டோவிலும் பாடிக்கொண்டிருந்தது அவள் பிள்ளைதான்.

"பெரியம்மா, நம்ம சூர்யா பாட்டு! நம்ம ஊருப் பையன்னு சொன்னா சவாரிக்காரங்க நம்பவே மாட்டேங்கிறாங்க."

"அமத்துடா அத" என்றாள். குமரேசன் பயந்துபோய் அணைத்தான்.

கிருத்திகைக் கூட்டத்தில் ஆட்டோ ஊர்ந்தது. காவடிக்காரர்களின் அரோகரா காதைப் பிளந்தது. தணிகைமலையானே, உன்மேல்தானே சத்தியம் பண்ணினேன், நீயே ஒரு வழி சொல்லு என்று மலையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு அன்றைக்கு ஏகப்பட்ட கூட்டம்.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் சூர்யபிரகாஷ் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது.

"வந்து சாப்ட்டுட்டுப் போடா."

"டிரம்ஸ வுட்டது யாருக்காகன்னு நெனைக்கிற?" என்றான் அவன், தலை நிமிராமல்.

"யாருக்காக?"

"கடைசியா நான் பேண்டுல அடிச்சப்ப வந்தாரு இல்ல? முடிஞ்சதும் சொன்னாரு, 'அத்தினி டிரம்ஸ் தட்டுக்கும் பின்னால உக்காந்துகினு கீற, உன் மூஞ்சியே தெரியலியே நைனா'ன்னு. ரொம்ப ஏக்கமாச் சொன்னாரும்மா. பையன் எவனுக்கோ பின்னால கீறானேன்னு அவருக்கு வருத்தம்னு நெனைச்சேன். அதுக்கப்புறம்தான் முன்னால வந்தேன். பாட்டு எனக்கு வராதும்மா. தொண்ட கிழிய கத்துகினேன். எல்லாம் அவரு கேக்கட்டும்னுதான்."

முகம் தெரிந்தால்தானே அந்த மனுஷனுக்குப் பேச்சு தெரியும்! அதைச் சொல்லியிருக்கிறார். அதை இவன் இப்படி எடுத்துக்கொண்டு, வராத பாட்டை வரவழைத்து, கேட்காதவர் காதுக்காகப் பாடிப் பாடித் தேய்ந்திருக்கிறான். இதற்குமேல் எந்தச் சத்தியத்தைக் காப்பாற்றி என்ன?

"உங்க நைனாவுக்குக் காது கேக்காதுடா."

அவன் நிமிர்ந்தான்.

"சுத்தமா கேக்காது. உதட்டப் பாத்துத்தான் பேசறாரு. உன் பாட்டு எதுவும் அவருக்குத் தெரியாது. நான்தான் பொய் சொன்னேன். தரைய மிதிச்சது, பாட்டு முடிஞ்சதுக்கு ஜாடை. நான் பதறிப் போயி தப்பா மிதிச்சிட்டேன்டா. அவரு உன்ன ஏமாத்தல. உன்னப் பாத்துத்தான் அழுதாரு."

அவன் கேட்டது ஒரே கேள்விதான். "எப்பலேர்ந்தும்மா?"

பொய் சொல்ல நினைத்தாள். வரவில்லை. "நீ பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே."

எதிர்ப் பக்கத்தில் ஒரு சரக்கு ரயில் போனது. அது போகும் வரையில் இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எதனால போச்சு?"

"தறிச் சத்தம்டா. வேற இன்னா?" கொஞ்சம் அவசரமாகவே சொல்லிவிட்டாள்.

"தறி மட்டும்னா எங்கிட்ட ஏன் மறைக்கணும்?" என்றான் அவன். அவள் முகத்தையே பார்த்தான். "பின்னறையில தெனம் அடிச்சேனே. அவரு பக்கத்துலயே ஸ்டூலப் போட்டுகினு உக்காந்திருப்பாரே. டாக்டர் இன்னா சொன்னாரும்மா?"

"டாக்டருக்கு இன்னா தெரியும், அவுரு கெடக்கறாரு..." என்று ஆரம்பித்தவளுக்கு வாய் கோணிக்கொண்டு அழுகை வந்துவிட்டது. அதுவே பதிலாகிவிட்டது.

அவன் போனை எடுத்தான். வீடியோ கால் போட்டான். அப்பாவோடு அவன் வீடியோவில் பேசியதே இல்லை. அந்தப் பக்கம் கண்ணையனின் முகம் வந்தது. அவன் எழுந்து, தாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாலடி தள்ளிப்போய் நின்றான். ஒரு சத்தமும் வரவில்லை. தறி வீட்டுப் பிள்ளை அல்லவா, அவனுக்கும் அந்தச் சத்தமில்லாத உதட்டுப் பேச்சு தெரியும். அவன் தோள் குலுங்குவது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. இத்தனை வருஷம் அப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் தூது போனவள், முதல் தடவையாக அவர்கள் பேச்சில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் நின்றாள்.

ரயில் வந்தது. அவன் ஏறிக்கொண்டான்.

"இன்னாடா சொன்னே அவருகிட்ட?"

"போய் சாப்புடும்மா. விரதம் இருக்கற."

* * *

வீட்டில் கண்ணையன் பின்னறையில் இருந்தார். வெள்ளைச் சட்டை கசங்கியிருந்தது. அவள் வந்து எதிரில் நின்றாள். அவர் கண் சிவந்திருந்தது.

"இனிமே பாடமாட்டானாம்" என்றார். அந்தப் பெரிய குரல் உடைந்திருந்தது. "குச்சியும் தொடமாட்டானாம். 'உன் காத நான்தான் தின்னுட்டேன் நைனா, எனக்கு எதுக்குப் பாட்டு'ங்கறான். இல்லடா இல்லடான்னு தலையத் தலைய ஆட்டினேன். கேக்கல. வெச்சிட்டான்."

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அவனுக்கு யாருடி சொன்னது?"

அவர் அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு ஆளாக இருந்தால் முனகி மழுப்பிவிடலாம். இந்த மனுஷனிடம் அது நடக்காது.

"நான்தாங்க சொன்னேன்."

கண்ணையன் அவளைத் திட்டவில்லை. கை ஓங்கவில்லை. திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அவர் முகம் திருப்பிக்கொண்டால் அதோடு பேச்சு முடிந்தது. அவர் முதுகோடு யாரும் பேச முடியாது. கல்யாணமான நாளிலிருந்து எத்தனையோ சண்டை வந்திருக்கிறது. ஒரு நாளும் அவர் அவளிடம் இப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டதில்லை.

"அவன் உங்கள வெறுத்துட்டுப் போறத என்னால பாக்க முடியலீங்க" என்றாள். தரையில் உட்கார்ந்து அழுதாள். சாமி குத்தமானாலும் ஆவட்டும் என்றாள். என்னென்னவோ சொன்னாள். தோளைத் தொட்டாள், உதறினார்.

அவர் சட்டைப் பையில் இருந்த போன் அடித்தது. அவருக்குச் சத்தம் தெரியாவிட்டாலும் நெஞ்சில் அதிர்வது தெரியாமல் இருக்காது. அவர் எடுக்கவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுங்க, நம்ம பையனாத்தான் இருக்கும், எடுங்க!" என்று கோவிந்தம்மாள் அவர் முதுகைப் பார்த்துக் கத்தினாள்.